கெபாசிட்டர் மேகத்தைத் தாங்காது

டிசி மின்னழுத்தம் ஆடினால் பெரிய கெபாசிட்டர் போதும், துடிப்பகலத்தைத் தானே திருத்தும் கட்டுப்பாடெல்லாம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தோடு நிற்கட்டும் என்ற வாதம் தவறு.

கெபாசிட்டர் தாங்குவது மில்லிநொடிகளை. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் வானத்தில் மேகம் மணிக்கணக்கில் நிற்கும். 18 வோல்ட் தரும் சோலார் தகட்டிலிருந்து 12 வோல்ட் எடுக்க, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டரின் ஸ்விட்ச் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனில் இருக்க வேண்டும்; அந்த ஆன் நேரம்தான் துடிப்பகலம். தகடு 15-க்கு இறங்கியும் அதே அகலம் நீடித்தால் கிடைப்பது 10 வோல்ட்தான். அகலம் 80 சதவீதமாக உயர வேண்டும்.

சாதாரணப் பின்னூட்டமே அதைச் செய்யுமே என்பீர்கள். செய்யும், சுமை பெரிதாக மாறாதவரை. சுமை வெகுவாகக் குறைந்தால் கன்வெர்ட்டர் சுருளின் மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும். அகலத்துக்கும் வெளியீட்டுக்கும் உள்ள கணக்கே மாறிவிடும். முழுச் சுமைக்கென ஒரே தடவை அமைத்த கட்டுப்பாடு அங்கே தடுமாறுகிறது; சுமைக்கேற்பத் தன்னையே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாடு வேண்டியிருப்பது அதனால்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டக் கிராமங்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருட்டில் கிடந்தன. சோலார் விளக்கு தேவைப்படுவதே அப்படிப்பட்ட மேகமூட்ட நாள்களில்தான்.

செலவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். துடிப்பை உருவாக்கும் மைக்ரோகன்ட்ரோலரிலேயே கூடுதலாகச் சில வரி நிரல், அவ்வளவுதான். உங்கள் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கோ வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது; சிதம்பரத்துச் சித்திரை வெயிலுக்கு அதையா நம்பச் சொல்கிறீர்கள்?