பாரிசுப் பையும் பழவேற்காட்டுத் துணியும்

செங் வட்டாரத்தில் நடந்த ஒரு திருமண விருந்தில், தமிழ் கற்பிக்கும் அம்மையார் ஒருவர் தம் கைப்பையை மேசைமீது வைத்த விதத்தை என்னால் மறக்க இயலவில்லை. பையின்மேல் பொறித்திருந்த எழுத்துகள் எதிரில் இருப்போரை நோக்குமாறு அதனை இருமுறை திருப்பி வைத்தார். "பாரிசில் வாங்கியது, வரி கழித்து மலிவாகவே கிடைத்தது" என்றார். சுற்றியிருந்தோர், பெரும்பாலும் ஆசிரியர்களே, விலையைக் கேட்டு வியந்தனர். பாரிசில் வேறென்ன கண்டீர்கள் என்று ஒருவரும் வினவவில்லை. நானும் வினவவில்லை. அந்தக் குற்ற உணர்வே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உடனே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். அவரவர் உழைப்பு, அவரவர் பணம். இதில் பிறர்க்கு என்ன உரிமை என்பர். உண்மைதான். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மங்கிலே பால் சேர்த்து, லயத்து வீட்டில் வாழ்ந்து மறைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நல்லுடை உடுத்தக் கூடாது என்று கூறும் அளவிற்கு நான் கல்நெஞ்சன் அல்லேன். அயல்நாடு காணப் போவதையும் நான் பழிக்கவில்லை. மதிப்பு என்பது பாரிசின் சாஞ்செலிசே வீதிக் கடையொன்றில் வரிசையில் நின்று வாங்கிவரத்தக்க பொருள் என்று நம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோமே, அதனையே எதிர்க்கின்றேன். ஆடவர்கள் தங்கள் கைக்கடிகாரத்தையும் இடைவாரையும் மறைத்துக்கொண்டு இதனைப் பெண்டிரின் பலவீனம் என்று நகைக்கவும் வேண்டா.

முதலில் அந்த 'மலிவு' என்னும் மாயையைப் பார்ப்போம். பிரான்சில் இத்தகைய பொருள்களின் விலைக்குள் 20 விழுக்காட்டு மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வரும் பயணி, ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி, வானூர்தி நிலையத்துப் பொறியில் படிவத்தைப் பதிந்துவிட்டால், அவ்வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இடைத்தரகர் கழிவு போகப் பயணியின் கையில் நிற்பது பெரும்பாலும் விலையில் 12 விழுக்காடு அளவே. இதனை விருந்தோம்பல் என்று கொள்வார் உளர். அன்று, இது தூண்டிற்புழு. 2021இல் பிரித்தானியா இச்சலுகையை நிறுத்தியபோது, பயணிகள் பாரிசுக்கும் மிலானுக்கும் போய்விடுகின்றனர் என்று இலண்டன் வணிகர்கள் இன்றளவும் புலம்பக் காரணம் வேறென்ன?

இனி அப்பையைத் தைத்தவர் யார் என்று கேட்போம். 2024 சூன் திங்களில் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளையமைப்பு ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையின்கீழ் வைத்தது. அம்மேற்பார்வை 2025இல் விலக்கப்பட்டது. வழக்கு ஆவணங்கள் கூறிய செய்தி கேட்கத்தக்கது. 2,600 யூரோவுக்கு விற்கப்பட்ட ஒரு கைப்பையைத் தைத்துக் கொடுத்த பட்டறைக்கு, தோல் முதலிய மூலப்பொருட் செலவு நீங்கலாக, தரப்பட்டது 53 யூரோ. தொழிலாளருள் சிலர் அப்பட்டறையிலேயே உறங்கினர். கணக்கிட்டுப் பாருங்கள்: அப்பையை வாங்கும் பயணிக்குத் திரும்பும் வரியே ஏறத்தாழ 312 யூரோ, தைத்த பட்டறை பெற்றதைப்போல் ஆறு மடங்கு! பால் வெட்டியவன் கூலிக்கும் டயரின் விலைக்கும் இடையே இருந்த தொலைவை அறிந்த குலத்தினர் நாம். அத்தொலைவைப் பெருமையென்று தோளில் மாட்டித் திரியலாமா?

இதனினும் என்னை வருத்துவது வேறொன்று. துணி நமக்குப் புதிய செல்வம் அன்று. இம்மலாக்கா நகரம் துணியால் செழித்த நகரம். 1511இல் போர்த்துக்கீசியர் இதனைக் கைப்பற்றிய பின்னர் இங்கு வாழ்ந்த தொமே பீரெசு என்பார், கிள்ளிங் எனப்பட்ட சோழமண்டலக் கரை வணிகர்களின் செல்வாக்கைத் தம் நூலில் விரித்து எழுதினார். அவர்கள் கொணர்ந்த சரக்குகளுள் தலையாயது துணி. பின்னர் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை எழுப்பினர்; 1641இல் மலாக்காவையும் பிடித்தனர். ஒரே குழுமத்தின் கைக்குள் நெய்த ஊரும் விற்ற ஊரும் அகப்பட்டன. நம் மலாய் அண்டை வீட்டார் இன்றும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் 'காயின் பெலேகாட்' என்று பெயர். பெலேகாட் என்பது பழவேற்காடே. இச்சொல்லை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? ஆசிரியருள் எத்தனை பேர் கூறியிருப்பர்?

அக்கரைத் துணி ஐரோப்பாவையும் ஆட்டிப் படைத்தது. சாயமேற்றி ஓவியம் தீட்டிய இந்தியத் துணி உள்நாட்டு நெசவைக் கெடுக்கின்றது என்று அஞ்சி, பிரெஞ்சு அரசு 1686இல் அதற்குத் தடை விதித்தது. அத்தடை 1759வரை நீடித்தது. தடையை மீறியும் பாரிசு மகளிர் அதனை விரும்பி உடுத்தினர். இலண்டனில் 1719இல் நெசவாளர்கள் வெகுண்டெழுந்து, பருத்தியாடை அணிந்து சென்ற பெண்களின் உடையைத் தெருவிலேயே கிழித்தனர். நம் துணிக்காக அவர்கள் சட்டத்தை மீறினர். இன்று அவர்கள் எழுத்துப் பொறித்த பைக்காக நாம் கடன் அட்டையைத் தேய்க்கின்றோம். 2025இல் பிராடா நிறுவனம் மிலான் ஆடையணி அரங்கில் காட்டிய செருப்பு, மராட்டியத்துக் கோலாப்பூர்ச் செருப்பின் சாயல் என்று பலர் சுட்டிக் காட்டிய பிறகே, அந்நிறுவனம் அதன் மூலத்தை ஒப்புக்கொண்டது. கோலாப்பூர்ச் சந்தையில் அச்செருப்பைப் பேரம் பேசி வாங்கும் நாமே, மேலைநாட்டான் பெயர் ஒட்டியதும் வாய்பொத்தி நிற்கின்றோம்.

அந்த அம்மையாரின் குழுவில் சென்று வந்த வேறொருவரிடம் பின்னர்ப் பயணத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக் குவிமாடம் கொண்ட கலேரி லஃபாயெத் கடைக்கு அரை நாள். ஆற்றில் படகுக்கு ஒரு மணி. கீமே அருங்காட்சியகம் அதில் இல்லை. அங்கே சோழர்காலத்து ஆடவல்லான் செப்புத்திருமேனி நிற்கின்றது. லா சப்பேல் பகுதியும் இல்லை. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள், வடக்குத் தொடர்வண்டி நிலையத்திற்கு அண்மையில் தமிழ்ப் பெயர்ப்பலகை தொங்கும் புடைவைக் கடைகளும் மளிகைக் கடைகளும் அமைத்திருக்கின்றனர். 1985இல் மாணிக்க விநாயகருக்கு ஆலயமும் கண்டனர். ஆண்டுதோறும் அப்பிள்ளையாரின் தேர் பாரிசுத் தெருக்களில் உலா வருகின்றது. நாற்பது தமிழர்களை ஏற்றிய பேருந்து அவ்விடத்தில் நில்லாமலே போயிருக்கின்றது.

அங்கு இறங்கியிருந்தால் வரி திரும்பக் கிடைத்திராது என்பது மெய்யே. ஆயினும் ஒரு புடைவைக் கடைக்காரர், "எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டிருப்பார். மலாக்கா என்று விடை கூறியிருக்கலாம். அடுத்த விடுமுறைக்குக் குழு சேர்க்கும் ஆசிரிய நண்பர்கள், அக்கடைக்கு அரை நாளை ஒதுக்குமுன், திட்டத்தாளில் இவ்விரண்டு இடங்களையும் எழுதி எனக்குக் காட்டட்டும். அப்படியொரு தாளைக் காணும்வரை, விருந்து மேசையில் பையின் எழுத்து என்னை நோக்கித் திருப்பி வைக்கப்படுமாயின், நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன்.