தூசும் அலையும் தமிழும்

நமது கல்லூரியின் யூபிலி நினைவாக வாயிலில் வளைவொன்று எழுப்புதல் தகும் என்று பழைய மாணவர் சிலர் கூறக் கேட்கிறோம். வளைவு வேண்டா என்று வழக்காட நாம் வரவில்லை. எனினும், அதனினும் செலவு குறைந்த பணியொன்றை முன்வைக்க விரும்புகிறோம். அதற்குத் தூசுப் பிளாஸ்மாவிலே செல்லும் அலைகளைச் சான்றாகக் கொள்கிறோம். தமிழாசிரியருக்குப் பௌதிகத்தில் என்ன அலுவல் என்போர் சற்றே பொறுப்பாராக.

வாயுவினூடே மின்னைச் செலுத்தினால் அணுக்களினின்றும் இலத்திரன்கள் பிரியும், எஞ்சியவை அயன்கள். இக்கலவைக்கு 1928இல் லாங்மியூர் என்னும் அறிஞர் பிளாஸ்மா என்று பெயரிட்டார். குழல்விளக்கினுள் ஒளிர்வதும் வானத்து மின்னலும் அதுவே. இதனுள் நுண்ணிய தூசு கலந்தால் விந்தை பிறக்கிறது. இலத்திரன்கள் அயன்களிலும் மிக்க விரைவுடையன. ஆதலின் அவையே முந்திச் சென்று தூசின்மேல் ஒட்டுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத துகளொன்று ஆயிரக்கணக்கான இலத்திரன்களைச் சுமந்து மறையேற்றம் பெறுகிறது.

இத்தூசுக் கூட்டத்திலே ஒலியலையை ஒத்த ஓர் அலை எழக்கூடும் என்று 1990இல் ராவ், சுக்லா, யூ என்னும் மூவர் கணித்துக் காட்டினர். அவருட் சுக்லா இந்தியாவிற் பிறந்து ஜெர்மனியிற் பணியாற்றியவர். 1995இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தார் அவ்வலையை ஆய்வுகூடத்திற் கண்டனர். துகள்கள் பாரமுடையன ஆதலின் அலை விநாடிக்கு ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் விரைவிலே நகர்ந்தது. கணிதத்திற் பிறந்த அலையைக் கண்ணாலே பார்க்க முடிந்தது!

நிற்க. சிற்றலைக்கு ஒரு கணக்கு, பேரலைக்கு வேறு. அலை பெருத்தால் அதன் முடி அடியிலும் விரைந்து சென்று செங்குத்தாக முயலும். ஊடகமோ அதனைப் பரப்பிவிட முயலும். இவ்விரண்டும் சமன்படுமிடத்து உருக்குலையாத தனியலை தோன்றுகிறது. 1834இல் ஸ்கொட் றசல் என்பார் எடின்பரோவை அடுத்த கால்வாயொன்றிலே அத்தகைய நீர்மேட்டைக் கண்டு குதிரைமேல் அதனைத் தொடர்ந்தார். 1895இல் கோட்டவேக், டி விறீஸ் என்னும் ஒல்லாந்தர் இருவர் அதற்குச் சமன்பாடு தந்தனர். கால்வாய் நீருக்கு எழுதிய அச்சமன்பாடே தூசுப் பிளாஸ்மாவின் தனியலைக்கும் பொருந்துகிறது என்பதைப் படித்தபோது நாம் அடைந்த உவகை சொல்லுந்தரமன்று.

அலை எமக்குப் புத்தகச் சொல் அன்று. 2004 டிசெம்பர் 26இல் இக்கரைக்கு வந்த அலை ஆழ்கடலிலே தாழ்ந்து ஓடி, கரையை அண்மித்ததும் உயர்ந்தது. ஆழத்திலே எளிய கணக்குக்கு அடங்கியது கரையருகே அடங்கவில்லை. கல்முனைக்கும் மருதமுனைக்கும் காரைதீவுக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்துறை மேனாட்டார்க்கே உரியது என்பாரும் உளர். சனிக்கோளின் வளையங்களிலே ஆரைக்கால்போன்ற நிழல்களை வொயேஜர் விண்கலம் 1980இல் படம் பிடித்தது. அவை மின்னேற்றம் பெற்ற தூசால் ஆயவை என்பதே பலர் கருத்து. அத்தகைய தூசை முற்பட ஆராய்ந்தோருள் ஒருவர் இலங்கையரான அசோக மெண்டிஸ். தனியலைக் கணிதத்திலே பெயர் பெற்ற இலட்சுமணன், திருச்சிராப்பள்ளியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தவர். இவ்வாராய்ச்சியின் ஒரு பகுதிக்குத் தாளும் எழுதுகோலும் பொறுமையுமே பெருங்கருவிகள்.

பின் எங்கே தடை? எம் மாணவர் உயர்தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழகத்திலே முதல் நாளே யாவும் ஆங்கிலமாகின்றன. சொறிக்கல்முனைச் சிறுவனுக்குச் சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் அயலிலேதான். ஆயினும் மொழியால் அது கடல்கடந்த நாடு. ஆங்கிலம் கற்க வேண்டா என்று நாம் கூறோம், நன்றாகவே கற்கட்டும். ஆனால் கற்றுத் தேறியவர் திரும்பித் தமிழில் எழுதுவதில்லை என்பதே எமது முறைப்பாடு. எழுதுவோரும் ஒரு சொல்லில் ஒன்றுபடுவதில்லை. நாம் பௌதிகம் என்பதைத் தமிழகத்தார் இயற்பியல் என்கின்றனர். நாம் இலத்திரன் என்பதை அவர் எலக்ட்ரான் என்கின்றனர். இதற்காகப் பூசலிடுவது வீண். எழுத எழுதச் சொல் தானே நிலைபெறும். எழுதாத துறைக்குச் சொற்றொகுதி அடுக்கிப் பயனில்லை. பிளாஸ்மாவைப் பிளாஸ்மா என்றே எழுதினாற் கற்பு அழிந்துவிடாது என்பதும் எமது கருத்து; தமிழாசிரியர் சிலர் எம்மீது சினப்பர்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் இது. பல்கலைக்கழகங்களிலுள்ள நம்மவர் ஒவ்வொருவரும் தத்தம் ஆராய்ச்சியைப் பத்துப் பக்கத்திலே தமிழில் எழுதித் தருவாராக. அதனை முதலிலே உயர்தர மாணவர் இருவர் படிக்கட்டும். அவர்க்கு விளங்காத பகுதியை எழுதியவரே மீட்டும் எழுதட்டும். சந்தியும் ஒற்றும் திருத்தும் வேலையைத் தமிழாசிரியராகிய நாம் கூலியின்றி ஏற்கிறோம். அச்சுக்கூலி வளைவின் ஒரு தூணுக்கு ஆகும் செலவிலும் குறைவாகவே இருக்கும்.