வினாவில் தொடங்கும் அறிவியல்

காஞ்சிபுரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுத்தால் நெசவாளர் வீடுகளின் தறிக்குழிகளில் நீர் ஊறும், நெசவு நின்றுபோகும். அவ்வீட்டுக் குழந்தை பள்ளியில் நீர்ச்சுழற்சியின் படத்தை வரைந்து முழு மதிப்பெண் பெறும். படத்திலுள்ள நீரும் குழியில் ஊறிய நீரும் ஒன்றே என்பதை உணரும் வாய்ப்பு மட்டும் அதற்குக் கிடைப்பதில்லை. தொடக்கப்பள்ளி அறிவியல் கல்வியின் பெருங்குறை இதுவே.

இக்குறையைப் போக்க வல்லது சிக்கல்வழிக் கற்றல். விடையைச் சொல்லிவிட்டு வினாக் கேட்பது பழைய முறை. சிக்கலை முன்வைத்து, அதைத் தீர்க்கும் போக்கில் அறிவைத் தேடச் செய்வது இம்முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969இல் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கப்பெற்ற இது, சிறுவர்க்கும் பொருந்தும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தைகளின் கைகளுக்கு வேலை தந்தது. அடுத்த படி, அவர்களின் ஐயங்களுக்கு இடம் தருவதாகும்.

கூரை ஒழுகவில்லை, தெருநீர் உட்புகவில்லை, குழிக்குள் நீர் வந்தது எவ்வாறு? குழந்தைகள் குழியின் நீர்மட்டத்தையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் நாள்தோறும் அளந்து ஒப்பிடலாம். மணலிலும் களிமண்ணிலும் நீர் இறங்கும் வேகத்தைச் சோதிக்கலாம். நிலத்தடி நீர் என்னும் கருத்து அப்போது அவர்களின் கண்டுபிடிப்பாகிவிடும். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்தால் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது. குறைந்த எடை எங்கே போயிற்று? இவ்வினா, பட்டிழையைச் சூழ்ந்துள்ள செரிசின் என்னும் பசைப்பொருளிடம் கொண்டு சேர்க்கும்.

தறியில் உழைத்த சிறுவர்களை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பப் பெரிதும் முயன்ற ஊர் இது. மீண்டும் தறியைக் காட்டலாமா என்று சிலர் அஞ்சலாம். தறியில் உழைப்பது வேறு. தறியைப் பற்றி வினவுவது வேறு. முன்னது குழந்தைமையைப் பறிக்கும்; பின்னது அறிவை வளர்க்கும். பெற்றோரின் தொழிலில் அறிவியல் உண்டென உணரும் குழந்தை, தன் வீட்டைத் தாழ்வாக எண்ணாது.

பாடச்சுமையும் நேரக்குறைவும் உண்மையான தடைகளே. எனினும், அவற்றினும் பெரிய தடை தேர்வுமுறை. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் இதை உணர்ந்திருந்தது. 1972இல் 16 நடுநிலைப்பள்ளிகளில் தொடங்கிய அத்திட்டத்தில், மாணவர்கள் நூலைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வெழுதினர்; செய்முறைத் தேர்வும் இருந்தது. நினைவாற்றலைவிடச் சிந்தனையே மதிப்பிடப்பெற்றது. 2002இல் அரசு அதை நிறுத்தியபோதும், அரசுப் பள்ளிகளிலும் இது இயலும் என்பதை முப்பது ஆண்டுகள் மெய்ப்பித்திருந்தது.

மனப்பாடத்துக்கே மதிப்பெண் என்றிருக்கும்வரை எந்த ஆசிரியரும் வினாக்களுக்கு நேரம் ஒதுக்கத் துணியார். ஆகவே, மாற்றம் வினாத்தாளிலிருந்தே தொடங்க வேண்டும். 'இதன் விடையை நாம் சேர்ந்து தேடுவோம்' என்று ஆசிரியர் தயங்காது சொல்லும் வகுப்பறையில்தான் அறிவியல் வளரும்.