ட்ரோன் பார்சல் தொழில்: முதல் பாதை மலைக்குப் போகட்டும்

ட்ரோன் பைலட்டுகள், பழுதுபார்ப்போர், பயிற்றுநர்கள் சேர்ந்து நடத்துவது எங்கள் சங்கம். தானாகப் பறக்கும் ட்ரோன்களை வைத்து பார்சல் டெலிவரி கம்பெனி ஆரம்பிக்கலாமா என்று கேட்டு எங்களிடம் வருகிறவர்கள் பல வகை. பொறியியல் முடித்த இளைஞர்கள் வருகிறார்கள், ஊரில் கூரியர் ஏஜென்சி நடத்துகிறவர்கள் வருகிறார்கள், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறவர்களும் வருகிறார்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, சங்கத்தின் நிலைப்பாட்டை இங்கே எழுத்தில் வைக்கிறோம்.

ஆரம்பிக்கலாம். ஆனால் சென்னையிலோ கோவையிலோ வீட்டு வாசலில் பிரியாணி இறக்குவதற்காக ஆரம்பிக்க வேண்டாம். சாலையே தடையாக இருக்கும் இடத்தில், இரண்டு நிலையான புள்ளிகளுக்கு நடுவே, மருந்தையும் ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். அப்படி ஆரம்பிப்பவர்களுக்கு அரசு சோதனை அனுமதியோடு நிறுத்தாமல் நிரந்தரப் பறக்கும் பாதையைத் தர வேண்டும். தானியங்கி என்ற சொல்லைக் காட்டி விபத்துப் பொறுப்பிலிருந்து யாரும் நழுவக் கூடாது. எங்கள் நிலைப்பாடு இவ்வளவுதான். காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2013 டிசம்பரில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ட்ரோன் டெலிவரியை அறிவித்தபோது, நான்கைந்து ஆண்டுகளில் சாத்தியமாகிவிடும் என்றார். பத்து ஆண்டுகள் கழிந்தபோதும் அந்தச் சேவை அமெரிக்காவின் சில நகரங்களைத் தாண்டிப் பரவியிருக்கவில்லை. அவர்களுடைய எம்.கே.30 ட்ரோன் தூக்குவது சுமார் 2.2 கிலோ. அமேசானிடம் இல்லாத பணமா, இன்ஜினியர்களா? பறக்கவைப்பது அவர்களுக்கு எப்போதோ கைவந்துவிட்டது. நகரத்தின் கணக்குத்தான் இன்னும் கைகூடவில்லை.

அந்தக் கணக்கைக் காகிதம் எடுத்து யாரும் போட்டுப் பார்க்கலாம். பைக்கில் போகிற டெலிவரி ஊழியர் ஒரே பையில் ஒரு தெருவுக்கான பொட்டலங்கள் அனைத்தையும் கொண்டுபோய்விடுவார். ட்ரோன் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். அடுத்த வீட்டுக்கு மறுபடி பேட்டரி மாற்றிக் கிளம்ப வேண்டும். இறக்குவது எங்கே என்பது அடுத்த சிக்கல். நம் தெருக்களில் ஈபி கம்பியும் கேபிள் ஒயரும் தென்னை ஓலையும் இல்லாத செங்குத்து இடைவெளி அரிது. வட சென்னையில் மாஞ்சா நூல் வேறு. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் மொட்டை மாடிச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும். அவரைத் தேடிப் பிடித்து மேலே போவதற்குள் பைக் ஊழியர் காலிங்பெல்லை அழுத்தியிருப்பார்.

ஆஸ்திரேலியாவில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டைச் சேர்ந்த விங் நிறுவனம் இதையெல்லாம் அனுபவித்துப் பார்த்துவிட்டது. கான்பெராவின் பொனிதன் பகுதியில் 2018-ல் சோதனை ஓட்டம் நடந்தபோது, இரைச்சலைத் தாங்க முடியவில்லை என்று குடியிருப்பவர்கள் எதிர்ப்பு தெரிவித்தார்கள். 2021-ல் அதே நகரத்தில் கூடுகட்டும் பருவத்து அண்டங்காக்கை ஒன்று பறந்துகொண்டிருந்த ட்ரோனைத் தாக்க, அந்தப் பகுதியில் சேவையை நிறுத்திவைத்தார்கள். 2022-ல் குயின்ஸ்லாந்தின் லோகன் பகுதியில் ஒரு ட்ரோன் மின்கம்பியில் போய் இறங்கியதில் சுமார் 2,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. அகலத் தெருவும் தனி வீடும் தோட்டமும் உள்ள ஊர்களின் கதை இது. திருவல்லிக்கேணிக்கு இதைப் பொருத்திப் பார்க்க அதிகக் கற்பனை தேவையில்லை.

சட்டமும் நகரத்துக்குச் சாதகமாக இல்லை. 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்தன. பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி வரை முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயர வரம்பு 200 அடியாகக் குறைகிறது. அதற்கும் உள்ளே வந்தால் அனுமதியில்லாமல் நகர முடியாது. மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் வரைபடத்தில் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள், தென் சென்னையில் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும். அடமானம் வைக்கப் போகிறவர்கள் வங்கிக்குப் போவதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அந்த வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தொழில் உருப்பட்ட இடம் ருவாண்டா. 2016 அக்டோபரில் முஹாங்கா என்ற ஊரில் ஜிப்லைன் நிறுவனம் கிடங்கு போட்டு ரத்தப் பைகளை அனுப்பத் தொடங்கியது. அந்த ட்ரோன் சிறு விமானம் போல இறக்கை வைத்தது. கவண் மாதிரியான ஏவுதளம் அதைத் தள்ளிவிடும். மருத்துவமனைக்கு மேலே தாழ்ந்து பறந்து, காகிதப் பாராசூட் கட்டிய அட்டைப் பெட்டியைப் போட்டுவிட்டு, இறங்காமலே திரும்பும். கிடங்குக்கு வந்ததும் குறுக்கே கட்டிய கயிற்றில் அதன் வாலில் உள்ள கொக்கி மாட்டிக்கொள்ளும். சுமை இரண்டு கிலோவுக்கும் குறைவுதான். மருத்துவமனைப் பக்கம் ஓடுபாதையோ சார்ஜரோ பைலட்டோ எதுவும் வேண்டாம். பெட்டியை எடுக்க ஓர் ஆள் போதும்.

வேகம்தான் அங்கே லாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்களைக் கவர்ந்தது வேறொன்று. 2022-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, ட்ரோன் சேவை வந்த 12 மாதங்களில் மருத்துவமனைகளில் காலாவதியாகி வீணான ரத்தப் பொருட்கள் 67 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. காரணம் எளிது. கேட்டால் உடனே வரும் என்ற நம்பிக்கை இருந்தால், எப்போதாவது தேவைப்படும் அரிய வகை ரத்தத்தை ஒவ்வொரு சிறு மருத்துவமனையும் வாங்கிவைத்துக் கெடவிட வேண்டியதில்லை. நடுவில் ஒரே இடத்தில் வைத்தால் போதும். ட்ரோன் விற்பது இந்தச் சிக்கனத்தை. இதைப் புரிந்துகொள்ளாமல் போடும் தொழில் திட்டம் எதுவும் முதல் ஆண்டைத் தாண்டாது என்பது எங்கள் கணிப்பு.

இந்தியாவிலும் ட்ரோன்கள் பறந்திருக்கின்றன. 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்தோடு பறந்தன. அடுத்த மாதம் மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியில் உள்ள கராங் தீவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தடுப்பூசி அனுப்பியது. சாலை வழியே 26 கிலோமீட்டர். ட்ரோன் 15 கிலோமீட்டரை 12 முதல் 15 நிமிடத்தில் கடந்தது. 2022 மே மாதம் அஞ்சல் துறை கட்ச் பகுதியில் 46 கிலோமீட்டர் தூரத்துக்கு 25 நிமிடத்தில் பார்சல் கொண்டுபோனது. எல்லாம் நல்ல முயற்சிகள், எல்லாம் சோதனை ஓட்டங்கள். பைலட்டின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் பறக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டு நிற்கிற நிலையில், எந்த வங்கியும் கடன் தராது, எந்த மருத்துவமனையும் தன் மருந்து இருப்பை ட்ரோனை நம்பிக் குறைக்காது. கொடியசைத்த புகைப்படத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

தமிழ்நாட்டில் முதல் நிரந்தரப் பாதைக்கு நாங்கள் முன்மொழிவது நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைந்து வளைந்து ஏறுகிற தூரத்தோடு ஒப்பிட்டால் வான்வழி மிகக் குறைவு. இங்கே இருவழிச் சுமை கிடைக்கிறது என்பது முக்கியம்: மேலே போகும்போது ரத்தமும் தடுப்பூசியும், கீழே வரும்போது பரிசோதனைக்கு அனுப்பும் ரத்த மாதிரிகள். நகரத்தில் ட்ரோனைத் தோற்கடிக்கிற வெறுங்கைத் திரும்புதல் இங்கே இல்லை. மாதிரி மாலைப் பேருந்துக்குக் காத்திருக்காமல் காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்துவிட்டால், முடிவு அன்றைக்கே மேலே உள்ள மருத்துவர் கைக்குப் போய்விடும்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறோம். 400 அடி என்பது தரையிலிருந்து கணக்கு. மலைச்சரிவில் தரையே ஏறிக்கொண்டு போவதால், ட்ரோன் நேர்கோட்டில் பறக்க முடியாது. சரிவை ஒட்டியே ஏற வேண்டும். இவ்வளவு ஏற்றம் பேட்டரியைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனியும் மழையும் வந்தால் பறக்கவே முடியாத நாட்கள் உண்டு, அவை பெரும்பாலும் சாலையிலும் மண் சரிகிற நாட்கள். ஆகவே ட்ரோன் வந்துவிட்டது என்று சொல்லி 108 ஆம்புலன்ஸையோ மருந்து ஏற்றும் ஜீப்பையோ குறைக்கிற எந்தத் திட்டத்தையும் எங்கள் சங்கம் எதிர்க்கும். மேலே குறைந்தபட்ச இருப்பு எப்போதும் இருந்தாக வேண்டும்.

ஆள் திறமை நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018-ல் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தக்ஷா அணி இரண்டாமிடம் பிடித்தது. நடிகர் அஜித்குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி பட்டிதொட்டியெல்லாம் போனது. ஆளில்லாத ட்ரோனை எட்டாத இடத்துக்கு மருத்துவப் பணிக்காக அனுப்பச் சொன்ன போட்டி அது என்பதுதான் பேசப்படாமல் போயிற்று.

இனி பொறுப்பு. சுவிட்சர்லாந்து அஞ்சல் துறை மருத்துவமனைகளுக்கு இடையே ஆய்வக மாதிரிகளை ட்ரோனில் அனுப்பிவந்தது. ஒழுங்குக்குப் பேர்போன நாடு, ஒழுங்காக நடந்த சேவை. 2019 மே மாதம் சூரிச்சில் ஒரு ட்ரோன், மழலையர் பள்ளிக் குழந்தைகள் இருந்த இடத்துக்கு அருகே விழுந்தது. அவசரப் பாராசூட் விரிந்தது. ஆனால் அதைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. சேவை நிறுத்தப்பட்டது. மென்பொருள், சென்சார், செயற்கை நுண்ணறிவு என்று எவ்வளவோ பேசுகிறோம், கடைசியில் தவறியது ஒரு கயிறு. எங்கள் பழுதுபார்ப்போர் இந்தச் சம்பவத்தைப் புதியவர்களுக்குச் சொல்லித்தான் கயிற்று முடிச்சைச் சோதிக்கக் கற்றுத்தருகிறார்கள்.

நம் விதிகளின்படி, ட்ரோனால் உயிருக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டு நெறிகள் பொருந்தும். நல்லது. ஆனால் பாதையைக் கணினி தேர்ந்தெடுத்தது, பேட்டரி வேறு கம்பெனியுடையது, பைலட் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்று ஆளுக்கு ஆள் கைகாட்டினால், ஓடு உடைந்த வீட்டுக்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? சேவையை நடத்துகிற நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும். பிறகு தயாரிப்பாளரோடும் மென்பொருள்காரரோடும் வழக்காடிக்கொள்ளட்டும். மாதச் சம்பளத்துக்குத் திரை முன் உட்கார்ந்திருக்கிற பைலட்டின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவதை ஏற்க மாட்டோம். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அறிக்கைகள் மக்கள் பார்வைக்கும் வர வேண்டும்.

டெலிவரி ஊழியர்களின் வேலை போய்விடுமா என்று கேட்கிறார்கள். மேலே சொன்ன கணக்குப்படி, நகரத்தில் இப்போதைக்கு அந்த ஆபத்து இல்லை. மலையில் புது வேலை உருவாகும்: பேட்டரி மாற்ற, பெட்டி கட்ட, இறங்குதளத்தைப் பார்த்துக்கொள்ள, திரையில் கண்காணிக்க. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் இருந்தால் ரிமோட் பைலட் சான்றிதழுக்குப் படிக்கலாம். தடை பயிற்சிக் கட்டணம்தான். மலைக் கிராமங்களைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களுக்கு அந்தக் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும். 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனங்கள் கழகம் இதற்குப் பொருத்தமான இடம். தரைப் பணிகளுக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிற நிறுவனத்துக்குப் பாதை அனுமதி தரக் கூடாது. கேமரா பற்றி ஒரே வரி: பாதை தேடவும் இறங்கவும் தேவையான படத்தைத் தவிர எதையும் சேமிக்கக் கூடாது.

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், பார்வைக்கு அப்பால் பறக்கும் நிலையான மருத்துவப் பாதைகளுக்குக் குறைந்தது மூன்றாண்டு அனுமதி தர வேண்டும். இடையில் விபத்து நேர்ந்தால் நிறுத்திவைக்கும் அதிகாரத்தோடு தரட்டும், ஆட்சேபணை இல்லை. அந்த அனுமதி வரும்வரை நகர வீடுகளுக்குத் தானியங்கி ட்ரோன் டெலிவரி என்று விளம்பரம் செய்து முதலீடு திரட்டும் எந்தத் திட்டத்துக்கும் எங்கள் உறுப்பினர்கள் தங்கள் சான்றிதழையோ பெயரையோ தர மாட்டார்கள். நாமக்கல் மாவட்ட நிர்வாகமும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் கொல்லிமலைப் பாதையை அளக்க முடிவெடுத்தால், அந்த அளவைப் பணிக்கு எங்கள் பைலட்டுகளும் பழுதுபார்ப்போரும் கூலி வாங்காமல் வருவார்கள். கூப்பிடுங்கள்.