ரதி வேடம் யாருக்கு?

இலங்கை மலையகத்தில், ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று மன்மதனிடம் வாதாடுகிறாள் ரதி. அவன் கேட்பதில்லை, நெற்றிக்கண்ணில் எரிந்துபோகிறான். பிறகு அவள் அழும் ஒப்பாரியில் தொழிலாளர் குடியிருக்கும் லயமே கலங்கும்.

அந்த ரதி, மரபுப்படி, சேலை கட்டிய ஓர் ஆண்.

கதைக்குள் ஆண் பெண்ணாகலாம், தலைவிரித்து அழலாம். ஊர் அவரைப் பயபக்தியோடு பார்க்கும். கூத்து முடிந்ததும் பழைய வரிசை திரும்பிவிடும். கொழுந்துக் கூடை பெண்ணுக்கு, கவ்வாத்துக் கத்தி ஆணுக்கு. நிறை பார்ப்பவரும் கங்காணியும் பெரும்பாலும் ஆண்களே. தோட்டத்தில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டதே 1984இல்தான். தேயிலை வந்து நூறு ஆண்டுக்கு மேலான பின்!

இந்த வரிசையே இல்லாத உலகைக் கற்பனை செய்தவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய நாவலில், நிலையான ஆண், பெண் பால் இல்லாத மனிதர்கள் வாழும் ஒரு கோளைப் படைத்தார். அங்கே யாரும் பிள்ளை பெறலாம். அதனால் பிள்ளைப்பேறு ஒரு பாலின் தலையில் மட்டும் விழுவதில்லை. நம் கூத்து அவ்வளவு தூரம் போகவில்லை. வேடம் மாறினாலும் ரதி கணவனை இழந்து கதறும் மனைவிதான். ஆனாலும் பால் என்பது ஓரளவு ஒப்பனை என்பதை மலையகம் எந்தப் புத்தகமும் படிக்காமலே ஆடிக் காட்டியிருக்கிறது.

பெண்களுக்கு வேடம் தராததற்கு விரதமும் மரபும் காரணமாகச் சொல்லப்படலாம். ஆண் ரதியாகும்போது கெடாத மரபு, பெண் மன்மதனாகும்போது மட்டும் எப்படிக் கெடும்? தோட்டத்துக் கூத்துக் குழுக்கள் அடுத்த மாசியில் கொழுந்தெடுக்கும் பெண்களையும் வேடங்கட்ட அழைக்கட்டும்.