கையில் கட்டிய பட்டைக்கு மணி வைப்பது யார்?

அந்தக் காலத்துக் கைக்கடிகாரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். அதை உருட்டினால் சாவி ஏறும். வெளியே இழுத்துத் திருப்பினால் முள் நகரும். ரேடியோவில் செய்தி தொடங்கும் முன்பு "பிப், பிப்" என்று ஒலி வரும். வீட்டுப் பெரியவர் அதைக் கேட்டு முள்ளைச் சரி செய்வார். பிறகு திருகை உள்ளே அழுத்தி விடுவார். வேலை முடிந்தது!

இப்போது லட்சக்கணக்கானவர்கள் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி இருக்கிறார்கள். இன்னும் பலர் "பிட்னெஸ் பேண்ட்" என்ற மெல்லிய ரப்பர் பட்டையைக் கட்டி இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதைப் பட்டை என்றே சொல்வோம். எத்தனை அடி நடந்தோம், நாடி எவ்வளவு துடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று எல்லாவற்றையும் அது சொல்லுகிறது. ஆனால் மணி தப்பாகக் காட்டினால்? திருகைத் தேடிப் பார்த்தால் திருகு இல்லை. பொத்தான் இருந்தாலும், அது மணி வைக்கும் பொத்தான் அல்ல. கண்ணாடியை எப்படித் தடவினாலும் "மணியை மாற்று" என்ற இடம் பெரும்பாலான பட்டைகளில் வருவதே இல்லை.

காரணம் என்ன தெரியுமா? பட்டைக்குச் சொந்தமாக மணி கிடையாது. அது செல்போனைக் கேட்டு மணி சொல்லுகிறது.

மணி வரும் வழி

பட்டைக்குள்ளே ஒரு சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது ஒரு வினாடிக்கு 32,768 தடவை அதிருகிறது. அந்த அதிர்வை எண்ணித்தான் பட்டை வினாடிகளைக் கணக்கிடுகிறது. சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் உள்ளதும் இதே ஏற்பாடுதான். இதில் மாதத்துக்குச் சில வினாடிகள் முன்னே பின்னே ஆகும். ஆகவே பட்டை, "புளூடூத்" என்ற கம்பி இல்லாத் தொடர்பு மூலம் செல்போனைக் கேட்டு, அவ்வப்போது தன்னைத் திருத்திக் கொள்ளுகிறது.

செல்போன் எங்கே கேட்கிறது? செல்போன் டவரைக் கேட்கிறது. அல்லது இன்டர்நெட்டைக் கேட்கிறது. இந்தியாவின் நேரத்தைக் காக்கும் பொறுப்பு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு உரியது. அங்கே சீசியம் என்ற உலோகத்தின் அணுக்களைக் கொண்டு ஓடும் கடிகாரங்கள் இருக்கின்றன. அந்த அணு சம்பந்தப்பட்ட அதிர்வு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 தடவை நடந்தால் ஒரு வினாடி. 1967-ம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட கணக்கு இது.

ஆகவே பட்டையில் மணி தவறினால் பட்டையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். முதலில் செல்போனில் மணி என்ன என்று பாருங்கள். அதுவும் தப்பாக இருந்தால், திருத்த வேண்டியது செல்போனை. செல்போனில் "செட்டிங்ஸ்" என்ற பல் சக்கரப் படத்தைத் தொட்டு, "டேட் அண்ட் டைம்" என்ற இடத்துக்குப் போங்கள். "ஆட்டோமேட்டிக்" என்று எழுதி இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள சுவிட்சைப் போட்டு விடுங்கள். நேர மண்டலத்துக்கு வேறு சுவிட்ச் இருந்தால் அதையும் போடுங்கள். சிம் கார்டும் இன்டர்நெட்டும் இல்லாத செல்போனில் இது பலிக்காது. கேட்டுத் தெரிந்து கொள்ள அதற்கு ஆள் இல்லையே!

செல்போனில் மணி சரியாக இருந்து, பட்டை மட்டும் தவறினால், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது என்று அர்த்தம். புளூடூத்தைப் போட்டு, பட்டைக்கு உரிய செயலியைத் திறக்க வேண்டும். பல செயலிகளில் திரையை விரலால் கீழே இழுத்து விட்டால் போதும். சில வினாடிகளில் மணி திருந்தி விடும். அப்படியும் திருந்தாவிட்டால் பட்டையை ஒரு முறை நிறுத்தி மீண்டும் ஓட விடுங்கள்.

சில கருவிகள் சார்ஜ் அடியோடு தீர்ந்து, மீண்டும் உயிர் பெறும்போது "1970 ஜனவரி 1" என்று காட்டும். பயப்பட வேண்டாம். கெட்டுப் போகவில்லை. பல கம்ப்யூட்டர்கள் காலத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு என்று வைத்து எண்ணுவதால், இந்தியக் கணக்கில் அது காலை 5.30 மணி.

கொல்கத்தா எங்கிருந்து வந்தது?

செல்போனில் நேர மண்டலத்தைப் பார்த்த சிலர் திடுக்கிட்டுப் போகிறார்கள். "நான் மதுரையில் இருக்கிறேன், இது கொல்கத்தா என்கிறதே! யாராவது என் போனுக்குள் புகுந்து விட்டார்களா?" என்று கேட்கிறார்கள். யாரும் புகவில்லை. கம்ப்யூட்டர்களுக்கான உலக நேரப் பட்டியலில், ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நகரத்தின் பெயரை வைத்து இருக்கிறார்கள். இந்தியாவுக்கு அமைந்தது கொல்கத்தா. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் அதே மணிதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு காலத்தில் கல்கத்தாவுக்குத் தனி மணி இருந்தது. சென்னைக்குத் தனி மணி, பம்பாய்க்குத் தனி மணி. சென்னையில் பகல் 12 மணி என்றால் கல்கத்தாவில் 12.32! ரெயில்கள் ஊருக்கு ஒரு மணியில் ஓட முடியுமா? ஆகவே நாடு முழுவதும் ரெயில்கள் சென்னை மணிப்படியே ஓடின. 1792-ம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாராய்ச்சி நிலையம் கணித்த மணி அது. 1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. சென்னை மணியைவிட அது சுமார் 9 நிமிடம் முந்தியது. கல்கத்தா அதை உடனே ஏற்கவில்லை. 1948-ம் ஆண்டு வரை தன் பழைய மணியை விடாமல் வைத்து இருந்தது. அப்படி முரண்டு பிடித்த நகரத்தின் பெயரிலேயே இன்று நம் எல்லோருடைய செல்போனும் மணி பார்க்கிறது!

5 நிமிடம் முன்னால் வைக்கலாமா?

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. சுவர்க் கடிகாரத்தை 5 நிமிடமோ 10 நிமிடமோ முன்னால் வைப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை விரைவாகக் கிளம்பும் என்று நினைப்பு. பிள்ளைக்கும் அது தெரியும். "10 நிமிடம் அதிகம்தானே" என்று மனதில் கழித்துக்கொண்டு, நிதானமாக இட்லி சாப்பிடும். அது கிடக்கட்டும்.

சுவர்க் கடிகாரத்தை முன்னால் வைத்தால் சுவருக்கு நஷ்டம் இல்லை. பட்டைக்கு அப்படி வைக்க வேண்டுமானால் செல்போன் மணியையே நகர்த்த வேண்டும். செல்போன் மணி நகர்ந்தால் அலாரம் நகரும். அழைப்பு வந்த நேரம் தப்பாகப் பதியும். தேதியே மாறி விட்டால் வம்பு பெரிது. பாதுகாப்பான இணையதளங்கள் ஒவ்வொன்றுக்கும், "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்" என்று ஒரு அத்தாட்சி உண்டு. செல்போனில் தேதி தப்பானால் அந்த அத்தாட்சி செல்லாது என்று சொல்லித் தளம் திறக்க மறுக்கும். வாட்ஸ்அப்பும் "உங்கள் தேதி சரியில்லை" என்று நின்றுவிடும். விளையாட்டில் கூடுதல் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்று பிள்ளைகள் அப்பா போனில் தேதியை மாற்றி விடுவது உண்டு. மறுநாள் அப்பா செல்போன் கடைக்கு ஓடுகிறார். கெட்டுப் போனது போன் அல்ல!

ஆப்பிள் வாட்சில் ஒரு சலுகை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மணியை 59 நிமிடம் வரை முன்னால் வைக்கலாம். அலாரமோ சரியான மணிக்குத்தான் அடிக்கும். தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு! நம் யோசனை வேறு. மணியைச் சரியாக வைத்துவிட்டு, 10 நிமிடம் முந்தி அலாரம் வையுங்கள்.

பட்டை சில சமயம் "17:30" என்று காட்டும். அது மாலை 5.30. செயலியிலோ செல்போனிலோ 12 மணிக் கணக்குக்கு மாற்றிக் கொள்ளலாம். ஆனால் மாற்றாமல் பழகிக் கொள்வதே நல்லது என்போம். ரெயில் டிக்கெட்டில் இருப்பது 24 மணிக் கணக்குதான். 15-ந் தேதி 00.10 மணிக்கு ரெயில் என்றால், 14-ந் தேதி இரவே சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். 15-ந் தேதி இரவு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் ரெயில் போய் ஒரு நாள் ஆகி இருக்கும்.

அம்மாவுக்கு வந்த பரிசு

இனித்தான் முக்கியமான விஷயம். துபாயில் வேலை பார்க்கும் மகன் ஒருவன் லீவில் ஊருக்கு வருகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். "தினமும் நடங்கள்" என்று டாக்டர் சொல்லி இருக்கிறார். மகன் ஆசையாக ஒரு பட்டை வாங்கி, தன் செல்போனோடு இணைத்து, அம்மா கையில் கட்டுகிறான். லீவு முடிகிறது. மகன் விமானம் ஏறி விடுகிறான். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன்.

அந்தப் பட்டையின் எஜமானன் இப்போது துபாயில்! நாளாக ஆகச் சில வினாடிகள் தவறும். அது பெரிய காரியம் இல்லை. ஒருநாள் சார்ஜ் அடியோடு தீரும். மீண்டும் ஓடும்போது, மணி கேட்க அதற்கு ஆள் இல்லை. அல்லது துபாயில் இணைத்துக் கொண்டு வந்ததாக இருந்தால், தொடக்கத்திலேயே கோளாறு. துபாய் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு 10 மணி என்றால் பட்டையில் 8.30. காலை 8 மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை அம்மா 9.30-க்குப் போடுவார். ஒரு நாளைய நடை நள்ளிரவில் முடிந்து புதுக் கணக்கு தொடங்க வேண்டும். அது இரவு ஒன்றரை மணிக்குத் தொடங்கும். "ராத்திரி 2 மணிக்கு நாடி படபடத்தது" என்று டாக்டரிடம் காட்டினால் அது உண்மையில் மூன்றரை மணி.

பக்கத்து வீட்டுப் பையனின் செல்போனில் இணைக்கலாமே என்பீர்கள். பல பட்டைகள் முதலில் இணைந்த செல்போனையும் கணக்கையும் விடுவதில்லை. பழைய செயலியில் போய் முடிச்சை அவிழ்த்தால்தான் புதிய செல்போனோடு சேரும். ஆகவே வெளிநாட்டிலிருந்து பட்டை கொண்டு வருகிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன்பு தங்கள் செயலியிலிருந்து பட்டையை விடுவியுங்கள். பிறகு, அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிற ஒருவரின் செல்போனில் அதை இணைத்துக் கொடுங்கள். வீட்டில் யாரிடமும் அப்படிப்பட்ட செல்போன் இல்லை என்றால் பட்டை வேண்டாம். பெரிய எண் போட்ட சாதாரணக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். அம்மாவே மணி வைத்துக் கொள்வார்.

சிங்கப்பூருக்குப் பேரனைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிக்கும் ஒரு வார்த்தை. அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். செல்போன் தானாக மாறும். பட்டை அதைப் பார்த்து மாறும். மாத்திரைக்கு வைத்த அலாரமும் அந்த ஊர் மணிக்கு அடிக்கும். மாத்திரையை எந்த மணிப்படி போடுவது என்று புறப்படும் முன்பே டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது

சட்டத்துக்கும் வணிகத்துக்கும் அரசு வேலைக்கும் நாடு முழுவதும் இந்திய நேரத்தையே பயன்படுத்த வேண்டும் என்று, மத்திய அரசு 2025-ம் ஆண்டு ஜனவரியில் வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. நல்ல காரியம். ஆனால் டெல்லியில் அணுக் கடிகாரம் துல்லியமாக ஓடினால் மட்டும் போதுமா? கிராமத்தில் ஒரு தாயின் கையில் உள்ள பட்டைக்கு அந்த மணி வந்து சேர வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. செல்போன் இல்லாத போதும் பட்டையிலேயே மணியைத் திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். நாடியை எண்ணும் கருவியில் மணியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு அம்புக்குறி போடுவது கம்பெனிகளுக்கு முடியாத காரியமா? "செல்போன் இருக்கும்போது அது எதற்கு?" என்று அவர்கள் கேட்கலாம். செல்போன் இல்லாதவர்களிடமும் பட்டை போய்ச் சேர்ந்து இருக்கிறது என்பதே நம் பதில்.

கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மூக்குக் கண்ணாடி விற்கிறவர், மூக்கில் மாட்டிப் பார்த்துக் காதுக் கம்பியை வளைத்துக் கொடுக்கிறார். பட்டை விற்கிறவரும் வாங்குகிறவரின் செல்போனில் இணைத்து, மணி சரியாக வந்ததா என்று காட்டித்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்களும் அதுவரை கடையை விட்டு நகரக் கூடாது.

பெட்டிக்குள் ஒரு மடித்த தாள் இருக்கும். பூதக் கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி பொடி எழுத்தில் பல மொழிகள் அதில் இருக்கின்றன. பல பெட்டிகளில் தமிழ் இல்லை. தமிழில் அரைப் பக்கம் போதும். மணி தவறினால் செல்போனைப் பார். செல்போன் சரி என்றால் செயலியைத் திற. வேறு ஒருவருக்குக் கொடுக்கும் முன்பு முடிச்சை அவிழ். பெரிய எழுத்தில் இந்த மூன்று வரியை அச்சிட்டுப் பெட்டியில் வைக்கக் கம்பெனிக்கு எத்தனை பைசா செலவாகும்?