மடக்குக் கத்தி வாங்கும் முன் இரும்பைப் பாருங்கள்

கேள்வி: சணல் அறுப்பது, சொட்டுநீர்க் குழாய் வெட்டுவது முதல் மா ஒட்டுக் கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் ஒரு மடக்குக் கத்தி வாங்க நினைக்கிறேன். சந்தையில் எவர்சில்வர் கத்தி மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்க் கொல்லர் லாரிப் பட்டையில் அடித்துத் தருகிறேன் என்கிறார். மகன் செல்போனில் ‘டி2’ இரும்பு என்று ஒரு கத்தியைக் காட்டுகிறான், விலையோ பல மடங்கு. எதை வாங்குவது?
- கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

பதில்: மூன்றும் வேறு வேறு வேலைக்கான இரும்புகள். விலையைப் பார்க்கும் முன் இரண்டு விஷயங்களை யோசியுங்கள். இந்தக் கத்தியை யார், எந்தக் கல்லில் தீட்டப் போகிறார்கள்? அது அதிகம் தொடப்போவது காய்ந்த சணலையா, மரப்பாலையா, எலுமிச்சைப் புளிப்பையா, பிளீச்சிங் தண்ணீரையா? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரும்புக்குக் கூர் நிற்கும் தன்மையைத் தருவது அதிலுள்ள கார்பன். வீடு கட்டும் கம்பியில் கார்பன் ஏறக்குறைய 0.3 சதவிகிதத்துக்குள்தான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சி அடித்தாலும் நல்ல கத்தி ஆகாது. லாரிப் பட்டையில் 0.5 முதல் 0.65 சதவிகிதம் வரை இருக்கும். அதனால்தான் அதை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் கொடுத்தால் இறுகுகிறது. அடி தாங்கும், எளிதில் உடையாது. அரிவாள், கொடுவாளுக்கு இதைவிடப் பொருத்தமான இரும்பு நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் மெல்லிய வாயுள்ள சிறு கத்திக்குக் கார்பன் 0.7 முதல் 1 சதவிகிதம் வரை இருந்தால் கூர் இன்னும் அதிக நாள் நிற்கும். கடையில் ‘கார்பன் ஸ்டீல்’ என்று விற்கும் நல்ல மடக்குக் கத்திகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

கார்பன் ஸ்டீலில் ஒரு குறை, துருப்பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் குரோமியம் சேர்க்கிறார்கள். குரோமியம் சுமார் 10.5 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால்தான் எவர்சில்வர் என்று சொல்ல முடியும். இதிலும் தரம் உண்டு. 420 என்ற வகையில் குரோமியம் 13 சதவிகிதம் அளவில் இருக்கும், கார்பன் குறைவு. துரு எளிதில் பிடிக்காது, தீட்டுவதும் சுலபம், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். 440சி வகையில் கார்பன் 1 சதவிகிதம் அளவிலும் குரோமியம் 17 சதவிகிதம் அளவிலும் இருக்கும். கூர் நிற்கும், விலையும் கூடும்.

உங்கள் மகன் காட்டும் டி2 இரும்பில் கார்பன் 1.5 சதவிகிதம், குரோமியம் 12 சதவிகிதம் அளவில் இருக்கும். கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கிய பிறகு, நம் வீட்டுச் சாணைக்கல்லில் தேய்த்துக் கூராக்குவது பெரும்பாடு. வைரத்தூள் பூசிய தகடு வேண்டியிருக்கும். ஈரத்தில் போட்டு வைத்தால் இதுவும் துருப்பிடிக்கும். ஆகவே தோட்ட வேலைக்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. நம்மால் தீட்ட முடியாத கத்தி, நாள் செல்லச் செல்ல மழுங்கிய கத்தியாகத்தான் பையில் கிடக்கும்.

கத்தி மழுங்கினால் இழப்பு எங்கே வரும் என்பதையும் பாருங்கள். ஒட்டுக் கட்டும்போது வேர்க்கன்றின் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசுவும் ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் ஒன்றோடொன்று படிந்து உட்கார வேண்டும். கூரான கத்தி ஒரே இழுப்பில் சமமாகச் சீவும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கும், வெட்டுப் பரப்பு மேடு பள்ளமாகும், நடுவில் இடைவெளி விழுந்து குச்சி காயும். பத்து நாள் கழித்து ஒட்டுக் காய்ந்து போனதும் தாய்மரத்தையும் வெயிலையும் குறை சொல்கிறோம், கத்தியை யாரும் பார்ப்பதில்லை. மழுங்கிய கத்திக்கு அழுத்தமும் அதிகம் கொடுக்க வேண்டும். வழுக்கினால் கட்டைவிரல்தான் வெட்டுப்படும்.

ஆகவே உங்களுக்கு என் யோசனை, ஒரே கத்தியில் எல்லாம் செய்யாதீர்கள். சணலுக்கும் குழாய்க்கும் கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி ஒன்று போதும். ஒட்டுக் கட்டுவதற்குத் தனியாக, ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டிய ஒட்டுக் கத்தி வாங்குங்கள். அதனால் குழாயோ கம்பியோ வெட்டக் கூடாது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால், தினமும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் இருந்தால் கார்பன் ஸ்டீல், இல்லையென்றால் 440 வகை எவர்சில்வர். கடலோரத்தில் உப்புக் காற்று படும் இடத்தில் இருப்பவர்களுக்கும் எவர்சில்வரே மேல்.

கொல்லரிடம் செய்வதானால் மூன்று விஷயங்கள் சொல்லுங்கள். உடைந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் வெடிக்க வாய்ப்பு உண்டு, எண்ணெயில் தோய்க்கச் சொல்லுங்கள். தோய்த்தபின் இளஞ்சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை காட்டினால்தான் விறைப்பு அடங்கிப் பதம் வரும். முடித்துத் தந்ததும் அரத்தால் வாயில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். மெத்தென்று கடித்தால் இரும்பு இறுகவில்லை. கொஞ்சம் வழுக்கினால் நன்று. பிறகு வாயைப் பித்தளைக் கம்பியின் மேல் சாய்த்து அழுத்துங்கள். வளைந்து மீண்டால் பதம் சரி, வளைந்தபடியே நின்றால் மென்மை, பிசிறாக உதிர்ந்தால் கடினம் மிகுதி.

கேள்வி: காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வர் இல்லை என்கிறார்களே, கத்திக்கும் அப்படித்தானா?
- சேலம் மாவட்ட வாசகி

பதில்: பாத்திரத்துக்கு அப்படிச் சொல்வார்கள், கத்திக்கு இது தலைகீழ். பாத்திரம் செய்யும் 304 வகையில் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். காந்தம் ஏறக்குறைய ஒட்டாது, சூடாக்கித் தோய்த்தாலும் இறுகாது. கத்திக்கான 420, 440 வகைகளைக் காந்தம் இழுக்கும். ஆகவே எவர்சில்வர் கத்தியில் காந்தம் சிறிதும் ஒட்டவில்லை என்றால் அது பாத்திரத் தகடு என்று எண்ணி விட்டுவிடுங்கள். ஒட்டுகிறது என்பதால் மட்டும் தரம் உறுதி ஆகாது. அரத்தால் தேய்த்தும் பாருங்கள்.

கேள்வி: கரும்பு விதைக்கரணை வெட்டும் கத்தியைக் கிருமிநாசினியில் முக்கச் சொல்கிறார்கள். கத்தி கெட்டுப்போகாதா?
- விழுப்புரம் மாவட்ட வாசகர்

பதில்: கெடும், ஆனால் முக்காமல் விட்டால் வயலே கெடும். மறுதாம்புக் குட்டை நோய் வெட்டுக்கத்தி வழியாகவே ஒரு கரும்பிலிருந்து இன்னொரு கரும்புக்குப் பரவுகிறது. வெளியே பெரிய அறிகுறி தெரியாமல் மகசூல் குறையும். எலுமிச்சை, சாத்துக்குடியில் எக்ஸோகார்டிஸ் என்ற வைராய்டு நோயும் கத்தியால் பரவும். அதற்கு ஸ்பிரிட் துடைப்பும் தீயில் காட்டுவதும் போதாது, ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச்தான் வேலை செய்யும். திரவப் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்து, மரத்துக்கு மரம் கத்தியை முக்குங்கள். கார்பன் ஸ்டீலானாலும் எவர்சில்வரானாலும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். எவர்சில்வரும் குளோரின் ஈரத்தில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். இப்படி நாள் முழுக்க முக்குபவர்கள் எவர்சில்வர் கத்தியே வைத்துக்கொள்வது நல்லது.

கார்பன் ஸ்டீல் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு ஒரு விஷயம். மாங்காய்ப் பால், வாழைச்சாறு பட்டு அலகு கறுப்பது இயல்பு, அது துரு அல்ல. அந்தக் கறுப்பைச் சுரண்டி எடுக்க வேண்டாம். செந்நிறமாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. மின்சாரச் சாணைச் சக்கரத்தில் பிடிக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். வாய் நீல நிறமானால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் நல்ல சாணைக்கல் ஒன்று இருந்தால் வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும், சக்கரத்துக்கே போக வேண்டியதில்லை.